சாப்பாட்டு மணியும் அணையாத விளக்கும்

கண்ணம்மா,

பெண்கள் விடுதிக்கு வார்டனாகப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கேட் சாவி, கையெழுத்து நோட்டு, மெஸ் பில், லீவு லெட்டர் எல்லாவற்றையும் அங்கிருக்கிற ஆயாவும் வாட்ச்மேனும் ஒரு வாரத்தில் உனக்குப் பழக்கிவிடுவார்கள். அவர்கள் சொல்லாத ஒன்றைப் பெரியம்மா எழுதுகிறேன். சோறு இறங்காமல் தவிக்கிற பிள்ளை ஒருத்தி இருப்பாள். சாப்பிட உட்கார்ந்தால் நிறுத்த முடியாமல் தவிக்கிற பிள்ளை இன்னொருத்தி இருப்பாள். இருவருக்குமே பெரும்பாலும் ராத்திரித் தூக்கம் இருக்காது. இந்த வேலையிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன், இவர்களை அடையாளம் காணத் தெரிந்துகொண்டால் மிச்சமெல்லாம் எழுத்து வேலைதான்.

1. மெஸ் நோட்டையும் இரவு நோட்டையும் சேர்த்து வைத்துப் படி. யார் சாப்பிடவில்லை என்பது மெஸ் கணக்கில் இருக்கும். விளக்கணைத்த பிறகு யார் விழித்திருந்தார்கள் என்பது ஆயாவின் நோட்டில் இருக்கும். முதல் நோட்டைப் பார்த்துச் சோற்றை வீணாக்கியதற்குத் திட்டுவோம், இரண்டாவதைப் பார்த்து விதியை மீறியதற்கு அபராதம் போடுவோம். இரண்டிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதை வருஷக்கணக்கில் ஒருவரும் கவனிப்பதில்லை. ‘பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது’ என்று நம் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பாய். உடம்பு அதன் போக்கில் இருக்கிறவர்களுக்கு அது சரி. பசியோடு நெடுநாள் சண்டை போட்டவளுக்குப் பசியும் நித்திரையும் சேர்ந்தே கெடும். மெஸ் நோட்டில் ஒரு குற்றம், இரவு நோட்டில் ஒரு குற்றம் என்று அவளுக்கு இரண்டு எழுதாதே. அவளுக்கு இருப்பது ஒரே துன்பம்.

2. பட்டினி கிடக்கிற உடம்பு விழித்திருக்கும், அதன் மேல் கோபப்படாதே. இரை கிடைக்காத உயிர் படுத்துத் தூங்கினால் பிழைக்காது, எழுந்து தேடத்தான் வேண்டும். நம் மூளையிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. 1998-இல் ஓரெக்சின் என்றொரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். நம்மை விழிக்க வைப்பதும் அதுதான், பசியைத் தூண்டுவதும் அதுதான். அது சுரக்காமல் போனவர்களுக்குப் பட்டப்பகலில் தூக்கம் ஆளைத் தள்ளுகிற நார்கோலெப்சி என்ற நோய் வருகிறது. உணவு குறைந்தால் விழிப்பு கூடுவது உடம்பின் எழுதாத சட்டம். ஆர்தர் கிரிஸ்ப் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1970-களில், சாப்பாட்டை ஒதுக்கி எடை இழக்கிற அனோரெக்சியா நோயாளிகளிடம் இதையே பார்த்தார். எடை இறங்க இறங்கத் தூக்கம் குறைந்து விடியும் முன்பே விழிப்பு வந்தது. எடை ஏற ஏறத் தூக்கம் நீண்டது. நாலு மணிக்கே குளித்துவிட்டு வராந்தாவில் புத்தகத்தோடு நடக்கிற பிள்ளையைப் பார்த்து ‘எவ்வளவு சுறுசுறுப்பு’ என்று மெச்சுவதற்கு முன், நேற்று ராத்திரி அவள் என்ன சாப்பிட்டாள் என்று விசாரி.

3. சமையல் வீடியோ பார்க்கிறவளைச் சந்தேகப்படாதே. ஒருத்தி இருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு பிரியாணி செய்வதையும் கேக் சுடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊரிலிருந்து வந்த அதிரசத்தையும் முறுக்கையும் அறை அறையாகப் போய்க் கொடுப்பாள், தான் ஒரு விள்ளல் வாயில் போடமாட்டாள். ‘நடிக்கிறா மேடம்’ என்றார்கள் பிள்ளைகள். அது நடிப்பில்லை என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1944-இல் தொடங்கி அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், போருக்குப் போக மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்த ஆட்கள் அவர்கள். எடையில் ஏறக்குறைய கால்வாசி போனதும் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், கனவிலும் சாப்பாடு வந்தது. அவர்கள் குடித்த காபிக்கும் மென்ற சூயிங்கத்துக்கும் உச்சவரம்பு வைக்க வேண்டி வந்தது. குளிர் தாங்கவில்லை. சத்தமும் வெளிச்சமும் தாங்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது அந்தத் தேர்ந்த இளைஞர்களுக்கே நடந்தது என்றால் பதினெட்டு வயசுப் பெண் எம்மாத்திரம்? உன்னிடம் அவள் சிடுசிடுத்தால் அந்தச் சொல்லைப் பசியின் கணக்கில் எழுதிக்கொள்.

4. உடம்பைப் பற்றி வாய் திறக்காதே. இது நமக்கு ரொம்பக் கஷ்டம். நம் ஊரில் நலம் விசாரிப்பதே ‘என்ன இப்படி இளைச்சுட்டே’ என்றோ ‘பூசினாப்ல இருக்கியே’ என்றோதான் ஆரம்பிக்கும். பல மாதம் போராடி ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளையிடம், என்னோடு வேலை பார்த்த நல்ல மனசுக்காரி ஒருத்தி, ‘இப்பதான் முகத்துல களை வந்திருக்கு, கன்னம் வெச்சிருக்கு’ என்று ஆசையாகச் சொன்னாள். அந்தப் பிள்ளை மறுநாளிலிருந்து மெஸ்ஸுக்கு வரவில்லை. இகழ்ச்சி புண்படுத்தும் என்பது எல்லாருக்கும் தெரியும். உடம்பைப் புகழ்வதும் சில பிள்ளைகளைப் புண்படுத்தும் என்பதை இந்த வேலைதான் கற்றுக்கொடுக்கும். கேட்பதற்கு வேறு கேள்வி இருக்கிறது. ‘ராத்திரி தூக்கம் வந்துச்சா?’ அதைக் கேட்டால் எந்தப் பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் பொய் சொல்கிற பிள்ளைகூடத் தூக்கத்தைப் பற்றிக் கேட்டால் உண்மை சொல்லும். நீ நுழைய வேண்டிய வாசல் அதுதான்.

5. சாப்பிடாத பிள்ளை ‘குண்டாயிடுவேன்’ என்று சொல்வாள் என்று எதிர்பார்க்காதே. புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் ‘வயிறு உப்புசமா இருக்கு’, ‘சோறு நெஞ்சுலயே நிக்குது’, ‘பசிக்கலை’ என்றுதான் சொல்வார்கள். ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களின் தொடக்கத்திலேயே இதை எழுதினார்: அவரிடம் வந்த சீனப் பெண்களில் பலர் பருமனைப் பற்றிப் பேசவே இல்லை, வயிற்றைப் பற்றித்தான் பேசினார்கள். சாப்பாட்டோடு போராடுகிற இந்தத் துன்பம் பணக்கார வீட்டு நோய், வெள்ளைக்கார நோய் என்று விடுதிக் கமிட்டியில் யாராவது சொன்னால் சண்டை போடாதே. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவின் மகளிடமும் பார்த்திருக்கிறேன், டாக்டர் வீட்டு மகளிடமும் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல். ஆண்பிள்ளைகளும் விலக்கில்லை. ஜிம்முக்குப் போய் முட்டை வெள்ளைக் கருவையும் புரோட்டீன் பவுடரையும் தவிர வேறெதையும் தொடாத பையனை உடம்பைப் பேணுகிறான் என்று ஊரே மெச்சும்.

6. காலையில் சாப்பிடாதவளுக்காக ராத்திரி அடுக்களையைப் பூட்டாதே. 1955-இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். காலையில் பசியே இருக்காது. இருட்டிய பிறகு பசி கிளம்பும். தூக்கம் வராது, வந்தாலும் நடுவில் கலையும், எதையாவது தின்றால்தான் மறுபடி கண் மூடும். 2013-இல் வந்த அமெரிக்க மனநல நோய்ப் பட்டியலில் உணவு உண்ணும் கோளாறுகளுக்குள் இதற்கும் இடம் கிடைத்தது. நான் இருந்த ஒரு விடுதியில் பன்னும் பிஸ்கட்டும் காணாமல் போகிறது என்று ஸ்டோருக்குப் புதுப் பூட்டு வாங்கினார்கள். திருட்டு நிற்கவில்லை, எடுத்த பிள்ளையின் தலையணை உறைக்குள் இடம் மாறியது, அவ்வளவுதான். பிறகு சமையல்கார அக்கா ஒருத்தி யாருக்கும் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்குக் காலையில் ஓர் இட்லி, பத்தரை மணிக்கு ஒரு வாழைப்பழம் என்று ஆரம்பித்தாள். பகல் நிரம்ப நிரம்ப ராத்திரி தானாக இளகியது. பூட்டுக்குத் தெரியாத வைத்தியம் அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

இதிலேயே இன்னொன்று. தூக்கத்திலேயே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் துளி ஞாபகம் இல்லாமல் இருக்கிறவர்களும் உண்டு. ஜோல்பிடெம் போன்ற சில தூக்க மாத்திரைகளால் இப்படி நேர்வது மருத்துவர்கள் அறிந்த விஷயம். ‘நான் சாப்பிடவே இல்லை மேடம்’ என்று சத்தியம் செய்கிறவளைப் பொய்க்காரி என்று சொல்லிவிடாதே. அவள் என்ன மாத்திரை போடுகிறாள் என்று கேள். தூக்கத்தில் அடுப்பைத் தொட்டுவிடாமல் கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டரை மட்டும் ராத்திரி மூடி வை.

7. விரதத்துக்கு மரியாதை கொடு, ஆனால் அதை முடிக்கிற பாரணையைக் கேள். நம் வழக்கத்தில் பட்டினியும் கண்விழிப்பும் கூடப் பிறந்தவை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் சாப்பிடாமல் இருப்போம், தூங்காமலும் இருப்போம். பசித்த வயிறு விழித்திருக்கும் என்பது நம் பாட்டிமாருக்கு எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே தெரிந்திருக்கிறது. ஆனால் ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி இருக்கிறது. அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாகச் சமைத்து, விடிந்ததும் விடியாததுமாகப் பாரணை பண்ணச் சொல்கிறார்கள். நோன்புக்கு இஃப்தார் இருக்கிறது. தவக்காலத்துக்கு ஈஸ்டர் இருக்கிறது. சில பிள்ளைகளுக்குத் திங்கள் சோமவாரம், செவ்வாய் முருகன், வியாழன் சாய்பாபா, வெள்ளி அம்மன், சனி பெருமாள் என்று வாரம் முழுக்க விரதமாகவே போகும், பாரணை மட்டும் வராது. அப்போது சாமியின் முதுகுக்குப் பின்னால் ஒரு நோய் ஒளிந்திருக்கிறது என்று அறிந்துகொள். அதற்காகக் கிண்டல் செய்யாதே. ‘சாமிக்கு விரதம் இருக்கலாம்டா, எப்ப முடிக்கிறே?’ என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திரு. தானே பதில் சொல்லிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நாள் வேண்டும்.

8. செமஸ்டர் மாதத்தில் கண் கொத்திப் பாம்பாக இரு. இதுவரை சொன்னது பசியால் தூக்கம் கெடுவது. தூக்கம் கெட்டுப் பசி புரள்வதும் உண்டு. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். வயிறு நிறைந்தது என்று சொல்கிற லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, பசிக்கிறது என்று சொல்கிற கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பும் உப்பும் மாவுப் பண்டமுமாக மனம் கேட்டது. அந்த இரண்டு ராத்திரியை நம் பிள்ளைகள் ஒரு மாதமாக இழுக்கிறார்கள். விடிய விடியப் படிப்பார்கள், மறுநாள் சாயங்காலம் கேன்டீனில் பப்ஸ், நூடுல்ஸ், கேக் என்று அள்ளி அடைப்பார்கள், அப்புறம் அவமானம் தாங்காமல் ராத்திரியும் மறுநாளும் பட்டினி. பட்டினியை மறைக்கக் கறுப்புக் காபி. மாலை ஆறு மணிக்குக் குடித்த காபியில் ஏறக்குறைய பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். மறுபடி தூக்கம் வராது. இந்தச் சுற்றில் சிக்கியவளிடம் ‘கட்டுப்பாடு வேண்டாமா?’ என்று கேட்காதே. அவள் அளவுக்கு மீறிக் கட்டுப்படுத்தியதில்தான் அது ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குப் பிறகு மெஸ் காபியைப் பாலாக மாற்றச் சொல். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

9. கால் குடைகிறது என்று சொல்கிற பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய். படுத்ததும் காலை வைத்த இடத்தில் வைக்க முடியவில்லை, எழுந்து நடந்தால்தான் சரியாகிறது என்பாள். உடம்பில் இரும்புச்சத்து வற்றினால் இப்படி வரலாம், அரைகுறையாகச் சாப்பிடுகிறவளுக்கு இரும்பு வற்றாமல் எப்படி இருக்கும்? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இருக்கிற இரும்பும் சரியாகச் சேராது. மாத்திரையை டாக்டர் எழுதித் தரட்டும், நீ கடையில் வாங்கிக் கொடுக்காதே.

10. மணியைத் தவறாமல் அடி. நான் சொல்வதிலேயே பெரியது இதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மருத்துவர் இந்த நோய்களுக்கு வகுத்த சிகிச்சையில் தொடக்கத்திலேயே வருவது என்ன தெரியுமா? மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடாதே. பசி எது, நிறைவு எது என்று உடம்புக்கே மறந்துபோன நிலையில் கடிகாரம்தான் அதற்குக் கைகொடுக்கும். தூக்கத்துக்கும் அதே சட்டம்தான், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. ஏழரைக்கு ராத்திரிச் சாப்பாடு போட்டுவிட்டுப் பதினொன்று வரை படிக்கச் சொல்கிற விடுதிகள் நடுவில் ஒரு சுண்டலோ பாலோ கொடுப்பதில்லை. நீ கமிட்டியில் கேட்டு வாங்கு. ஒன்பதரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் எல்லாருக்கும் என்று வைத்தால், வேண்டியவள் கேட்க வேண்டியதில்லை, ஒளிக்க வேண்டியதுமில்லை. வார்டன் மனநிலை சரியில்லை என்று ஒருநாள் எட்டுக்கும் ஒருநாள் ஏழுக்கும் மணி அடிக்கிற இடத்தில் பிள்ளைகளின் வயிறும் அப்படியே ஆடும். நேரம் தவறாமை ஓர் அன்பு. அலுப்பூட்டுகிற அன்பு, ஆனால் அன்புதான்.

11. ஒளிந்திருந்து பிடிக்காதே, அவசரத்தை மட்டும் தெரிந்து வை. சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடுகிறவளின் பின்னால் ஆள் அனுப்பாதே, குழாய்ச் சத்தத்தை ஒட்டுக்கேட்காதே. தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ‘நீ கஷ்டப்படுற மாதிரித் தெரியுது’ என்று சொல். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதே, அதைக் காப்பாற்ற உன்னால் முடியாது. மயக்கம், நெஞ்சு படபடப்பு, கால் வீக்கம், தண்ணீர்கூட நிற்காத வாந்தி, சாகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. தொடர்ந்த வாந்தியில் பொட்டாசியம் இறங்கினால் இதயம் தாளம் தப்பும். நெடுநாள் பட்டினி கிடந்தவளுக்கு இரக்கப்பட்டு ஒரே வேளையில் வயிறு முட்ட ஊட்டியும் விடாதே. 1945-இல் நாஜி முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர் திடீரெனச் சாப்பிட்ட சாப்பாட்டாலேயே இறந்தார்கள். எப்படி ஏற்றுவது என்பது மருத்துவமனைக்குத் தெரியும். நடு ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தவித்தால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022-இலிருந்து இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பிள்ளையின் அம்மாவிடம் பேசும்போது ‘உங்க பொண்ணு சாப்பிடறதில்லை’ என்று ஆரம்பித்தால் புகார் மாதிரிக் கேட்கும், ‘சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்’ என்று போனை வைத்துவிடுவார்கள். ‘ரொம்ப நாளாத் தூங்கல, டாக்டர்கிட்டக் காட்டணும், நீங்க வாங்க’ என்று சொல். பஸ் ஏறி வருவார்கள்.

12. உன் தட்டையும் கவனி. எல்லாரும் சாப்பிட்ட பிறகு ஆறிப்போனதை நின்றுகொண்டே தின்கிற வார்டனைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சேர்கிற அன்றைக்கே அவர்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்கி, அவர்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிடு. யார் தட்டையும் உற்றுப் பார்க்காதே, சினிமா பேசு. வார்டனுக்கென்று தனி மேசை போட்டிருந்தால் அதை ஸ்டடி ஹாலுக்கு அனுப்பிவிடு, அங்கே எப்போதும் மேசை பற்றாது.